"ஏங்கண்ணு, இன்னிக்கு எத்தனை அடி?"

மேட்டூர் அணையில் மூழ்கிய நந்தியும், நீர்மட்ட அளவுகோலும் சேர்ந்து சொல்லும் பாடம்

எங்கள் வீட்டில் காலையில் செய்தித்தாள் வந்ததும் முதலில் படிக்கப்படுவது தலைப்புச் செய்தி அல்ல. உள்பக்கத்தில் ஓர் ஓரமாக நாலு வரியில் வரும் 'மேட்டூர் அணை நிலவரம்'தான். என் அம்மாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்தபடியே கேட்பார். "ஏங்கண்ணு, இன்னிக்கு எத்தனை அடி?"

நீர்மட்டம், நீர்வரத்து, நீர் வெளியேற்றம், நீர் இருப்பு என்று வரிசையாக வாசிப்பேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அணை இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவார். பிறகுதான் காபி.

அந்தக் கும்பிடு யாருக்கு என்று சின்ன வயதில் எனக்குப் புரிந்ததில்லை. காவிரித் தாய்க்கா, தண்ணீருக்குள் கிடக்கும் ஈசனுக்கா, இல்லை அணையைக் கட்டியவர்களுக்கா? ஒருநாள் கேட்டே விட்டேன். "எல்லாத்துக்கும்தான் சாமி. ஒண்ணொண்ணுக்கும் தனித்தனியா கும்புட எனக்கு எங்க நேரம்?" என்றார்.

விஞ்ஞானமா, மதமா என்று தொலைக்காட்சியில் விவாதம் நடக்கும்போதெல்லாம் எனக்கு அம்மாயியின் அந்தப் பதில்தான் நினைவுக்கு வரும். இரண்டுக்கும் சண்டை என்கிறார் ஒருவர். இரண்டும் ஒன்றேதான் என்கிறார் இன்னொருவர். மேட்டூரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்த இரண்டு பேச்சுமே முழுசாகப் பொருந்தாது. ஏன் என்று சொல்கிறேன்.

தண்ணீருக்குள் ஒரு கோயில், ஒரு தேவாலயம்

அம்மாயி பிறந்த ஊர் இப்போது இல்லை. அது ஸ்டான்லி நீர்த்தேக்கத்தின் அடியில் கிடக்கிறது.

காவிரி நீரைப் பகிர்வது குறித்துச் சென்னை மாகாணத்துக்கும் மைசூர் சமஸ்தானத்துக்கும் 1924-ல் ஒப்பந்தம் ஆனது. அதே வருடம் ஜூலையில் காவிரியில் வந்த பெருவெள்ளம் கரையோர ஊர்களைப் புரட்டிப் போட்டது. மறு வருடம், 1925-ல் மேட்டூரில் அணை கட்டும் வேலை தொடங்கியது. ஒன்பது வருடம் நடந்தது. 1934 ஆகஸ்ட் 21 அன்று சென்னை மாகாண ஆளுநர் ஜார்ஜ் ஸ்டான்லி திறந்து வைத்தார். 5,300 அடி நீளம். 214 அடி உயரம். 120 அடிக்குத் தண்ணீர் நின்றால் 93.47 டி.எம்.சி. இருப்பு. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. ஒரு நாள் முழுக்க, நொடிக்கு 11,574 கன அடி வீதம் தண்ணீர் பாய்ந்தால்தான் அந்த ஒரு டி.எம்.சி. சேரும். அப்படி 93 மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும் பாத்திரம் இது.

அத்தனை தண்ணீர் நிற்க இடம் வேண்டுமே! கரையோரத்தில் இருந்த கிராமங்களைக் காலி செய்யச் சொன்னார்கள். வீடு, காடு, கிணறு, சுடுகாடு என்று எல்லாவற்றையும் விட்டுவிட்டு மக்கள் மேட்டுக்கு ஏறினார்கள். கும்பிட்ட சாமிச் சிலைகளைக் கையோடு எடுத்துக்கொண்டார்கள். கட்டடங்களை எடுத்துக்கொண்டு போக முடியுமா? பண்ணவாடியில் இருந்த ஜலகண்டேஸ்வரர் கோயிலும், அதன் முன்னால் இருந்த பெரிய நந்தியும், இரட்டைக் கோபுரம் வைத்த கிறிஸ்தவ தேவாலயமும் அப்படியே நின்றுவிட்டன. தண்ணீர் ஏறி மூடிக்கொண்டது.

அம்மாயிக்கு அப்போது பத்து வயசு இருக்கும். மாட்டு வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்து, நந்தி சிறுத்துக்கொண்டே போவதைப் பார்த்துக்கொண்டே வந்ததாகச் சொல்வார். "சாமிக்கே எடமில்லாமப் போச்சே, நமக்கு என்னன்னு எங்கம்மா அழுதா" என்பார். கூடவே இன்னொன்றும் சொல்வார். "ஆனா பாரு கண்ணு, அன்னிக்கு நாங்க எந்திரிச்சு வந்ததாலதான் தஞ்சாவூர்க்காரன் சோறு திங்கறான்." ஒரு பக்கம் இழப்பு, இன்னொரு பக்கம் பெருமை. எழுபது வருடம் இரண்டையும் சேர்த்தே சுமந்தார்.

மேட்டூரின் விசேஷம் இனிமேல்தான் வருகிறது. அணையின் நீர்மட்டம் சுமார் 80 அடிக்குக் கீழே இறங்கினால், தேவாலயத்தின் கோபுரம் தலைகாட்டத் தொடங்கும். 70 அடிவாக்கில் போனால் நந்தியின் தலை தெரியும். இன்னும் இறங்கினால் கோயிலின் மிச்சமும் வெளியே வரும். உடனே பரிசல் எடுத்துக்கொண்டு மக்கள் போவார்கள். பூ வைப்பார்கள், சூடம் ஏற்றுவார்கள், படம் எடுப்பார்கள். பத்திரிகைகளில் 'மேட்டூர் அணையில் வெளியே தெரியும் நந்தி' என்று செய்தி வரும்.

நந்தியைத் தரிசிக்கிறோம் என்ற சந்தோஷம் ஒரு பக்கம். ஆனால், நந்தி தெரிகிறது என்றால் தண்ணீர் இல்லை என்று அர்த்தம். வழக்கமாக ஜூன் 12-ல் டெல்டாவுக்குத் திறக்க வேண்டிய தண்ணீர் இந்த வருடம் கிடைக்குமா என்ற கவலை அப்போதே வந்துவிடும். சாமி கண்ணில் படக்கூடாது என்று வேண்டிக்கொள்ளும் பக்தர்களை வேறு எந்த ஊரிலாவது பார்த்திருக்கிறீர்களா?

2003 கோடை. காவிரி வறண்டு கிடந்தது. அந்த வருடம் ஜூன் 12 கடந்தும் டெல்டாவுக்காக மதகுகள் திறக்கப்படவில்லை. எண்பது வயசு அம்மாயியைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு போய் நந்தியைக் காட்டினோம். வெடித்துக் கிடந்த வண்டல் மண்ணில் உட்கார்ந்து, நந்தியின் முகத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். "ஒன்னைப் பாத்தது போதும். உள்ள போ சாமி" என்றார். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

கல் நந்தி ஓர் அளவுகோல். பொதுப்பணித் துறை எழுதி வைத்திருந்த அடிக்கணக்கு இன்னோர் அளவுகோல். அம்மாயி இரண்டையும் நம்பினார். இரண்டும் ஒன்றுக்கொன்று பொய் சொன்னதே இல்லை.

ஆடி 18: தேதி குறித்தது யார்?

நம் பண்டிகைகளில் பல, நிலவைப் பார்த்துத் தேதி மாறுபவை. ஆடிப்பெருக்கு அப்படியல்ல. சூரியக் கணக்கில் ஆடி மாதம் 18-ம் நாள். அதனால் வருடா வருடம் ஆகஸ்ட் 2 அல்லது 3-ல்தான் வரும். பருவத்தோடு கட்டிப்போட்ட பண்டிகை.

ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை குடகிலும் வயநாட்டிலும் பிடிக்கிறது. காவிரியும் கபினியும் நிரம்புகின்றன. ஜூலைக் கடைசியில் அந்தப் புதுவெள்ளம் ஒகேனக்கல் வழியாக இறங்குகிறது. அந்த நேரத்தில் நதிக்குச் சித்ரான்னம் படைத்து, முளைப்பாரி விட்டு, மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டார்கள் நம் முன்னோர்கள். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்றும் சொல்லி வைத்தார்கள். பல தலைமுறைகள் ஆற்றைக் கவனித்துத் தெரிந்துகொண்ட விஷயம் அது. வானிலை ஆய்வு மையம் இல்லாத காலத்தில், அந்தக் கவனிப்பைச் சேமித்து வைக்க அவர்களுக்குக் கிடைத்த பெட்டகம் பண்டிகைதான்.

அணை வந்ததும் கதை மாறிவிட்டது. முன்பு வெள்ளம் தானாக வந்தது. இப்போது மதகு திறந்தால்தான் கீழே தண்ணீர். ஆடிப் பதினெட்டுக்கு ஆற்றில் தண்ணீர் இருக்குமா என்பதை, மழையோடு சேர்த்து, அணையின் நீர் இருப்பும் அரசாணையும் முடிவு செய்கின்றன. பாசனத்துக்குத் திறக்க முடியாத வறட்சி வருடங்களில்கூட, மக்கள் நீராடுவதற்காக ஆடிப்பெருக்கை ஒட்டிச் சில நாட்கள் மட்டும் மேட்டூரிலிருந்து தண்ணீர் திறக்கப்பட்டதுண்டு. பொறியாளர் கணக்குப் பார்த்து, பக்தருக்காக மதகைத் தூக்குகிறார்!

அதேபோல, டெல்டாவுக்குத் தண்ணீர் திறக்கும் நாளைப் பாருங்கள். முதல்வரோ அமைச்சரோ பொத்தானை அழுத்துவார். மதகு உயரும். சீறி வரும் தண்ணீரில் பூவைத் தூவுவார்கள். இதே சேலத்தில்தான் 1944-ல் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது. அந்தப் பகுத்தறிவு இயக்கத்தின் வழி வந்த கட்சிகளின் ஆட்சியிலும் பூத் தூவுவது நிற்கவில்லை. சிலர் இதை முரண்பாடு என்று கேலி செய்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பொத்தான் தண்ணீரைத் திறக்கிறது. பூ, அந்தத் தண்ணீருக்கு நன்றி சொல்கிறது. பூத் தூவினால்தான் மதகு திறக்கும் என்று அங்கே யாரும் நம்புவதில்லையே!

சிக்கல் எப்போது வருகிறது என்றால், பொத்தான் செய்ய வேண்டிய வேலையைப் பூவிடம் ஒப்படைக்கும்போது. அதற்கு எங்கள் குடும்பம் ஒரு விலை கொடுத்திருக்கிறது.

போட்டோ இல்லாத மாமா

எனக்கு ஒரு மாமா இருந்தார். அம்மாவுக்கு நேர் இளையவர். அவருக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. ஒன்பது வயசில் போய்விட்டார்.

1960 வாக்கில் நடந்தது. மழைக்காலம். எல்லோரும் தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். நடு ராத்திரி பையன் வயிறு வலிக்கிறது என்று எழுந்தான். சாப்பிட்டது சேரவில்லை என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள். விடியும் நேரத்தில் கண் இமையைத் தூக்க முடியவில்லை, பேச்சு குழறுகிறது. பாயைச் சுருட்டும்போதுதான் பார்த்தார்கள். அடியில் கட்டுவிரியன்.

பக்கத்து ஊரில் ஒருவர் விஷக்கடிக்கு மந்திரிப்பார் என்றார்கள். தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வேப்பிலை அடித்தார், தண்ணீர் தெளித்தார், கயிறு கட்டினார். 'இறங்குது, இறங்குது' என்றார். மூன்று மணி நேரம் அங்கேயே போனது. பிறகு ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டினார்கள். வழியிலேயே மூச்சு நின்றுவிட்டது.

கட்டுவிரியன் கடித்தால் பெரும்பாலும் வலியிருக்காது, வீக்கமிருக்காது, பல் பட்ட இடம்கூடச் சரியாகத் தெரியாது. அதன் விஷம் நரம்புக்கும் தசைக்கும் உள்ள தொடர்பைத் துண்டிக்கும். முதலில் இமை தொங்கும். கடைசியில் மூச்சு விட உதவும் தசைகள் வேலை செய்யாது. விஷமுறிவு மருந்தும், தேவைப்பட்டால் செயற்கைச் சுவாசமும்தான் காப்பாற்றும். அந்த மருந்து அந்தக் காலத்திலேயே நம் நாட்டில் தயாராகிக்கொண்டிருந்தது.

'மந்திரிச்சதும் எத்தனையோ பேர் பொழைச்சாங்களே?' என்று அன்றும் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். பிழைத்தவர்கள் உண்டுதான். கடிக்கிற பாம்புகளில் பாதிக்கு மேல் விஷமில்லாதவை. விஷப் பாம்பும் சில சமயம் விஷத்தை இறக்காமல் வெறுமனே கடித்துவிட்டுப் போகும். அப்படிப் பிழைத்தவர்கள் எல்லாம் மந்திரத்தின் கணக்கில் வரவு வைக்கப்பட்டார்கள். பிழைக்காதவர்கள் விதியின் கணக்கில் எழுதப்பட்டார்கள். விஞ்ஞானம் இங்கேதான் வேறுபடுகிறது. பிழைத்தவர், இறந்தவர் இரண்டு கணக்கையும் ஒரே நோட்டில் எழுதிப் பார்க்கும்.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் வருடத்துக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கலாம் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. கடித்த இடத்தைக் கீறக்கூடாது, உறிஞ்சக்கூடாது, இறுக்கிக் கட்டக்கூடாது. கடிபட்ட கை, காலை அசைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இது எத்தனை வீட்டுக்குத் தெரியும்?

இதில் இன்னொரு விஷயம் உண்டு. விஷமுறிவு மருந்து தயாரிக்கத் தேவையான பாம்பு விஷத்தைச் சேகரித்துக் கொடுப்பவர்களில் முக்கியமானவர்கள் நம் இருளர் மக்கள். மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978-ல் அவர்களுக்கென்று கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் எடுத்துக் கொடுக்கிறார்கள். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. கன்னியம்மனைக் கும்பிடும் அதே மக்கள், ஆய்வகத்துக்கு வேண்டிய மூலப்பொருளையும் தருகிறார்கள். பழைய அறிவு வேறு, மூடநம்பிக்கை வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மகன் போன பிறகு அம்மாயி சாமி கும்பிடுவதை விட்டுவிட்டாரா? இல்லை. மேட்டூர் அணைக்கட்டு முனியப்பனுக்கு வருடா வருடம் பொங்கல் வைத்தார். ஆனால், வீட்டில் யாருக்குக் காய்ச்சல் அடித்தாலும், மந்திரிக்கலாம் என்று எவராவது வாயைத் திறந்தால் போதும், அவரைப் போல ஒரு நாத்திகரைப் பார்க்க முடியாது. "முனியப்பன்கிட்ட நான் இங்க இருந்தே வேண்டிக்கிறேன். நீ மொதல்ல பஸ் ஏறு" என்பார்.

நாமகிரித் தாயாரும் ஹார்டியும்

மேட்டூரிலிருந்து காவிரியை ஒட்டியே கீழே இறங்கினால் பவானி, ஈரோடு. அங்கிருந்து சற்றுத் தள்ளி நாமக்கல். உலகக் கணித வரலாற்றில் இந்த வட்டாரத்துக்கு ஒரு பங்கு இருக்கிறது. சீனிவாச ராமானுஜன் 1887 டிசம்பர் 22 அன்று பிறந்தது ஈரோட்டில். அவருடைய குடும்பம் வணங்கிய தெய்வம், நாமக்கல் மலையடியில் குடிகொண்டிருக்கும் நாமகிரித் தாயார்.

தன்னுடைய சூத்திரங்களைக் கனவில் தாயார் காட்டியதாக ராமானுஜன் சொல்வதுண்டு. கடல் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்த காலம் அது. அவர் இங்கிலாந்து போவதற்குத் தடை நீங்கியதும் நாமகிரித் தாயாரின் அருள்வாக்கால்தான் என்று குடும்பத்தார் நம்பினார்கள். 1914 மார்ச்சில் கப்பல் ஏறினார்.

அங்கே அவரை வரவேற்ற பேராசிரியர் ஜி.எச்.ஹார்டி கடவுள் நம்பிக்கை துளியும் இல்லாதவர். தாயாரை நம்பியவரும், எந்தக் கடவுளையும் நம்பாதவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சேர்ந்து வேலை செய்தார்கள். எப்படி முடிந்தது?

சூத்திரம் எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றி ஹார்டி சண்டை போடவில்லை. அது சரி என்று நிரூபிக்க வேண்டும் என்று மட்டும் விடாமல் கேட்டார். ராமானுஜன் முதலில் அனுப்பிய கடிதங்களில் உலகம் அதுவரை பார்த்திராத அற்புதங்கள் இருந்தன. கூடவே, பகா எண்களைப் பற்றிய சில முடிவுகள் தவறாகவும் இருந்தன. எது அற்புதம், எது தவறு என்று பிரித்துக் காட்டியது நிரூபணம்தான்.

விஞ்ஞானத்துக்கும் மதத்துக்கும் நடுவில் கோடு எங்கே என்று என்னைக் கேட்டால், நான் இந்த மேஜையைத்தான் காட்டுவேன். கனவு எங்கிருந்தும் வரலாம். கோயில் மண்டபத்தில் வரலாம், ஆய்வகத்தில் வரலாம். அது உண்மையா என்று சோதிக்கும் இடத்தில் மட்டும், யார் கனவு என்று கேட்கக் கூடாது.

தேவாலயத்தில் பிறந்த ராக்கெட்

பண்ணவாடி தேவாலயம் அணைக்கு வழிவிட்டது போலவே, ராக்கெட்டுக்கு வழிவிட்ட தேவாலயம் ஒன்றும் உண்டு. திருவனந்தபுரம் அருகே தும்பா. பூமியின் காந்த நடுக்கோடு அந்த வழியாகப் போவதால், ராக்கெட் ஏவ அந்த இடம்தான் வேண்டும் என்றார் விக்ரம் சாராபாய். அங்கே புனித மரிய மகதலேனாள் தேவாலயமும் மீனவக் குடும்பங்களும் இருந்தன. பிஷப் பீட்டர் பெர்னார்ட் பெரேரா, ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுக்கு வந்த மக்களிடமே இதை எடுத்துச் சொல்லி, சம்மதம் வாங்கினார். தேவாலயம் ஆய்வகமானது. 1963 நவம்பர் 21-ல் அங்கிருந்து முதல் ராக்கெட் பறந்தது. அன்று அந்தக் குழுவில் இருந்த இளைஞர்களில் ஒருவர், பிற்காலத்தில் நம் குடியரசுத் தலைவராக வந்த அப்துல் கலாம்.

1633-ல் கலிலியோவை விசாரித்துத் தண்டித்தது திருச்சபை. அது தவறு என்று போப் இரண்டாம் ஜான் பால் ஒப்புக்கொண்டது 1992-ல். இடையில் 359 வருடங்கள்! அதே திருச்சபையின் பாதிரியார் லெமைத்ர்தான், பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-ல் கணக்குப் போட்டுச் சொன்னவர்களில் ஒருவர். மதம் என்றாலே விஞ்ஞானத்துக்கு எதிரி என்று ஒரே அடியாகச் சொல்ல முடியாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இன்னொரு திசையிலும் பாருங்கள். தேனிப் பக்கம் போனால், முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னி குயிக்கின் படம் பல வீடுகளில் சாமி படங்களோடு தொங்கும். அவர் பிறந்த ஜனவரி 15-ல் பொங்கல் வைப்பார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டுவார்கள். கால்குலேட்டர் இல்லாத காலத்தில் கணக்குப் போட்ட ஒரு பொறியாளர், சாமியாகவே ஆகிவிட்டார். நன்றியைக் காட்ட நம் மக்களுக்குத் தெரிந்த மொழி கும்பிடுதான்.

எல்லாவற்றுக்கும் பின்னால் விஞ்ஞானமா?

ஒன்று சொல்லியாக வேண்டும். காலையில் வாட்ஸ்அப்பைத் திறந்தால், 'நம் முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல' என்று ஆரம்பித்து, ஒவ்வொரு சடங்குக்கும் பின்னால் ஓர் அறிவியல் காரணம் வரிசையாக வருகிறது. அணுசக்தி முதல் அலைவரிசை வரை எதையும் விட்டுவைப்பதில்லை. முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆடி 18 ஒன்று போதுமே! ஆனால், எல்லாவற்றையும் விஞ்ஞானம் என்று நிரூபித்தால்தான் மதத்துக்கு மரியாதை என்று நினைப்பது, மதத்துக்கும் அவமானம், விஞ்ஞானத்துக்கும் அவமானம். நந்தியின் முகத்தைத் தடவிய அம்மாயிக்கு எந்த அலைவரிசையும் தேவைப்படவில்லை. பிறந்த ஊரைத் தொட்டுப் பார்த்தார், அவ்வளவுதான்.

விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று நம் அரசியல் சட்டத்தின் 51ஏ பிரிவு சொல்கிறது. 1976-ல் சேர்த்தார்கள். சாமி கும்பிடாதே என்று அதற்கு அர்த்தமில்லை. கேள்வி கேள், கிடைத்த பதிலைச் சோதித்துப் பார், தவறென்றால் மாற்றிக்கொள் என்றுதான் அர்த்தம். எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மாயி, ஒன்பது வயசு மகனைப் பறிகொடுத்து அதைக் கற்றுக்கொண்டார். அவ்வளவு விலை கொடுத்துத்தான் கற்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

2024, ஆடி 18

அம்மாயி 2005-ல் காலமானார். போன வறட்சிக்கெல்லாம் சேர்த்து அந்த வருடம் அணை நிரம்பியது. நந்தி உள்ளே போய்விட்டது.

2024. ஜூலை 30 அன்று அணை 120 அடியைத் தொட்டது. அதன் வரலாற்றில் 43-வது முறை. உபரி நீர் 16 கண் மதகு வழியாகச் சீறிக்கொண்டு போனது. நொடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கும் மேல். நாலாம் நாள், ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு. காவிரிக் கரையோரங்களில் பல இடங்களில் ஆற்றில் இறங்கத் தடை போட்டிருந்தார்கள்.

என் அண்ணன் மகளுக்கு அது தலை ஆடி. காவிரியில் தலையில் அருகம்புல் வைத்து முங்கிக் குளித்து, தாலிக்கயிறு மாற்ற வேண்டும் என்று வேண்டுதல். எல்லோரும் தயாராக வந்துவிட்டோம். படித்துறைக்கு முன்னாலேயே கயிறு கட்டி நிறுத்திவிட்டார்கள். "எவ்வளவு வருஷமா குளிக்கிற எடம், ஓரமா ஒரு முங்கு போட்டுட்டு வந்துடலாம். சாமி காரியத்துக்குப் போறவங்களைக் காவேரி ஒண்ணும் பண்ணாது" என்று உறவுக்காரர் ஒருவர் ஆரம்பித்தார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் போக வேறு வழி இருக்கிறது என்றார். அண்ணன் மகள் என் முகத்தைப் பார்த்தாள். "அத்தை, வேண்டுதல் நின்னுபோனா தோஷமாயிடுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார். எழுபத்தாறு வயசு. சின்ன வயசிலேயே தம்பியைப் பறிகொடுத்த அக்கா.

"ஒரு லச்சம் கன அடி போகுது. காவேரி யாருன்னு பாத்தா அடிச்சுட்டுப் போவா? ஒரு கொடத்துல மொண்டாறச் சொல்லு. நான் ஊத்தி உடறேன்."

"குடத்துல ஊத்துனா காவேரியில குளிச்ச மாதிரி ஆகுமா, அப்பத்தா?"

"கொடத்துக்குள்ள வந்தா அவ காவேரி இல்லாமப் போயிடுவாளா கண்ணு?"

காவலுக்கு நின்ற தீயணைப்புத் துறைக்காரர் ஒருவரே குடத்தை வாங்கி, பத்திரமான இடத்தில் மொண்டு கொடுத்தார். வேப்பமரத்தடியில் அவளை உட்கார வைத்து, தலையில் அருகம்புல் வைத்து, அம்மா தண்ணீர் ஊற்றினார். ஈரப் புடவையோடு மஞ்சள் கயிறு மாற்றினார்கள். சற்றுத் தள்ளி, அணையிலிருந்து வெளியேறிய வெள்ளம் இரைச்சலோடு ஓடிக்கொண்டிருந்தது. எங்களைப் போலவே இன்னும் நாலைந்து குடும்பங்கள் குடத்தோடு வந்து வரிசையில் நின்றன.

மறுநாள் காலை. திண்ணையில், அம்மாயி உட்காரும் அதே இடத்தில் அம்மா உட்கார்ந்திருந்தார். அண்ணன் மகள் கையில் செல்போன். செய்தித்தாள் வருவதற்கு முன்னாலேயே அதில் நிலவரம் வந்துவிடுகிறது.

"ஏங்கண்ணு, இன்னிக்கு எத்தனை அடி?"

"நூத்தி இருவது, அப்பத்தா."

அம்மா அணை இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். பிறகுதான் காபி.